பரணில் கிடந்த வீடியோ கேம் பெட்டியும் அதன் கேசட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் பக்கம் உச்சிப்புளியில் இருக்கிறேன். பழைய வீடியோ கேம் பெட்டிகளைத் திறந்து, துடைத்து, மறுபடி ஓட வைப்பது என் ஞாயிற்றுக்கிழமைப் பொழுது. மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை என்று பல ஊர்களிலிருந்தும் பெட்டியைத் துணிப்பையில் போட்டு எடுத்து வருகிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நாம் பேசுகிற மாதிரியே, செருகுகிற பிளாஸ்டிக் வில்லையைக் கேசட் என்றும் கையில் பிடிப்பதை ரிமோட் என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

பரணில் ஒரு பெட்டி கிடைத்தது. மேலே கேசட் செருகும் வாய் இருக்கிறது. இது நிண்டெண்டோவா?

வம்சம் நிண்டெண்டோ, பெட்டி வேறு யாரோ செய்தது. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நிண்டெண்டோ விற்க ஆரம்பித்த ஃபேமிகாம்தான் மூலம். 1985ல் அதையே அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது உருவத்தையும் பெயரையும் மாற்றி என்இஎஸ் ஆக்கினார்கள். சாம்பல் நிறம், முன்பக்கம் கதவு, 72 பின் (உலோகத் தொடுமுனை) உள்ள கேசட். அனுமதி இல்லாத கேசட் ஓடாதபடி உள்ளே ஒரு பூட்டுச் சில்லும் வைத்தார்கள். ஜப்பான் பெட்டியில் அந்தப் பூட்டு கிடையாது, கேசட்டும் 60 பின். நகல் எடுக்க வந்தவர்கள் பூட்டில்லாத வீட்டைத்தானே தேடுவார்கள்? அதனால் உலகமெங்கும் பரவிய நகல் பெட்டிகள் எல்லாம் ஃபேமிகாம் வழி வந்தவை. உங்கள் பெட்டியும் அதுதான்.

சந்தேகம் இருந்தால் நான்கு திருகைக் கழற்றிப் பாருங்கள். பலகையின் நடுவே கறுப்புத் தார் சொட்டியது போல ஒரு மேடு இருக்கும். ஃபேமிகாமின் மூளை, படம் வரைவது, பாட்டுப் போடுவது எல்லாம் அந்த ஒரு சொட்டுக்குள் அடக்கம். நான் இதுவரை திறந்தவற்றில் ஒன்றுகூட நிண்டெண்டோ செய்தது இல்லை.

நம் கரைக்கு இவை வந்த வழி எல்லாருக்கும் தெரிந்ததுதான். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெளிநாட்டில் பிழைக்கப் போனவர்களைச் சபுராளி என்பார்கள். அவர்கள் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ லீவில் வரும்போது பெட்டியும் வரும். என் கூட்டாளி வீட்டுக்கு அவன் காக்கா, அதாவது அண்ணன், கொண்டு வந்ததில்தான் நான் முதலில் ஆடினேன். கடையில் வாங்கியவர்கள் ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் வாங்கியிருப்பார்கள்.

இந்தப் பெட்டிக்கு மொத்தம் எத்தனை கேம் வந்தது?

ஜப்பானில் ஆயிரத்துக்கு மேல். அமெரிக்காவில் அனுமதியோடு வந்தவை 700க்குக் கொஞ்சம் குறைவு. உச்சிப்புளியில் சுமார் 40.

கடைசி எண்ணைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் என் மேசைக்கு வந்த கேசட்டுகளில் என்னென்ன கேம் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். கேசட் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, கேம் எண்ணிக்கை 40க்கு அருகிலேயே நிற்கிறது. திரும்பத் திரும்ப அதே முகங்கள். ஏன் என்பதைக் கீழே ஒரு கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் எனக்குச் சொல்ல இருப்பதே அதுதான்.

என் கேசட்டில் 9999999 இன் 1 என்று போட்டிருக்கிறது. உண்மையா?

பொய். ஆனால் உழைத்துச் சொன்ன பொய்.

எனக்கு 12 வயதில் கடைக்காரர் ஒருவர் இப்படி ஒரு கேசட்டைக் காட்டி, "தம்பி, நீ சாகுற வரைக்கும் ஆடினாலும் தீராது" என்றார். அன்று சாயங்காலமே தீர்ந்துவிட்டது. முதல் பக்கத்தில் மரியோ, டாங்க், பைக், வாத்து, சர்க்கஸ் எல்லாம் இருந்தன. இரண்டாவது பக்கத்தில் பெயர் வேறு, கேம் அதே. மூன்றாவது பக்கத்திலும் அதே மரியோ, ஆனால் நான்காவது உலகத்தில் தொடங்கினான். தங்கச்சியும் நானும் பென்சிலால் எழுதிக் கழித்துக்கொண்டே வந்தோம். கடைசியில் மிஞ்சியது 14.

வேலை நடக்கும் விதம் இது. ஒரு கேம் தொடங்கும்போது எந்த ஸ்டேஜ், எத்தனை லைஃப், என்ன ஆயுதம் என்பதெல்லாம் நினைவகத்தில் சில இடங்களில் எழுதப்படும். பட்டியலில் 57ஆவதை அழுத்தினால், கேசட் அந்த இடங்களில் வேறு எண்ணைப் போட்டுவிட்டு அதே கேமைத் தொடங்கி வைக்கும். ஒரு கேமை இப்படி நூறு பெயரில் விற்கலாம். மொத்தம் எத்தனை என்று பட்டியல் தலைப்பில் போடும் எண்ணுக்கு எந்தச் சில்லும் தேவையில்லை, எழுத்துதானே.

எல்லாக் கேசட்டிலும் ஏன் அதே கேம்கள்? ரசித்துத் தேர்ந்தெடுத்தார்களா?

ரசனைக்கு அங்கே இடமே இல்லை. சில்லு விலை தேர்ந்தெடுத்தது.

ஃபேமிகாமின் மூளை ஒரே சமயத்தில் கேசட்டிலிருந்து 32 கிலோபைட் நிரலைத்தான் பார்க்க முடியும். படம் வரையும் சில்லு 8 கிலோபைட் படத்தைப் பார்க்கும். மொத்தம் 40. முதல் இரண்டு மூன்று வருடத்தில் வந்த கேம்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கியவை. 1985 செப்டம்பரில் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ், 8 உலகம், 32 ஸ்டேஜ், பாட்டு, வில்லன் எல்லாம் சேர்த்துச் சரியாக 40 கிலோபைட். காலையில் வாட்ஸ்அப்பில் வரும் ரோஜாப்பூ வணக்கம் அதைவிடப் பெரியது. எக்சைட்பைக், பலூன் ஃபைட், ரோடு ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி, டக் ஹண்ட், பாம்பர்மேன் எல்லாம் இன்னும் சின்னவை, ஆளுக்கு 24தான்.

அடுத்து வந்தவர்களுக்கு 40 போதவில்லை. கேசட்டுக்குள் பெரிய சில்லை வைத்து, எந்தப் பகுதி இப்போது தெரிய வேண்டும் என்று மாற்றி மாற்றிக் காட்டும் இன்னொரு சில்லையும் சேர்த்தார்கள். 1988ல் வந்த மரியோ 3 மொத்தம் 384 கிலோபைட். அதில் இருக்கும் மாற்றுச் சில்லு நிண்டெண்டோ தானே வடிவமைத்தது. நகல் எடுப்பவர் அந்தச் சில்லையும் நகல் எடுக்க வேண்டும், செலவு ஏறும். கதை விளையாட்டுகளுக்கோ, விட்ட இடத்தைச் சேமித்து வைக்க கேசட்டுக்குள் பேட்டரி வேறு வேண்டும்.

நகல் தொழிற்சாலைக்காரர் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். ஒரு மெகாபைட் சில்லு கையில் இருக்கிறது. அதில் இரண்டு பெரிய கேம் போடலாம், அல்லது முப்பது சின்னக் கேம் போடலாம். பட்டியல் நீளமாக இருந்தால்தான் விற்கும். ஆக 1984, 85, 86ல் வந்த சின்னக் கேம்கள் எல்லாம் வரிசையாக ஏறிக்கொண்டன. பத்து, பதினைந்து வருடம் கழித்து நாம் ஆடியதும் அவற்றைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் டாங்க் என்று சொல்கிற பேட்டில் சிட்டியும், சர்க்கஸ் சார்லியும், இரண்டு பென்குயின் ஒன்றையொன்று தேடிப் போகிற பைனரி லேண்டும் அந்தக் காலத்தில் அமெரிக்க என்இஎஸ்ஸுக்கு வரவே இல்லை. அங்கே வளர்ந்தவரிடம் டாங்க் கேம் பற்றிக் கேட்டால் விழிப்பார். நம்மிடம் செல்டா பற்றிக் கேட்டால் நாம் விழித்த மாதிரி. பெட்டி ஒன்றுதான், அலமாரி வேறு.

கான்ட்ரா மட்டும் ஏன் தனி கேசட்டில் வந்தது?

மேலே சொன்ன கணக்கேதான். கான்ட்ரா 128 கிலோபைட். முப்பதோடு முப்பத்தொன்றாக நுழையாது. அதனால் தனியாகவோ, நான்கைந்து பெரிய கேமோடு சேர்ந்தோ வரும். ஐலேண்டர் என்று பட்டியலில் இருக்கும் அட்வெஞ்சர் ஐலேண்ட் நடுவில் மாட்டியது, 64 கிலோபைட். அதனால்தான் சில கேசட்டில் இருக்கும், சிலதில் இருக்காது.

கான்ட்ராவில் 30 லைஃப் எப்படி எடுப்பது?

பெயர்ப் பலகை வந்ததும்: மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ, ஸ்டார்ட். இரண்டு பேர் ஆடுவதானால் ஏ அழுத்திய பிறகு செலக்ட், அப்புறம் ஸ்டார்ட். எங்கள் தெருவில் இதை வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். பதினாறாம் வாய்ப்பாடு தெரியாதவனுக்கும் இது தெரியும்.

இதை முதலில் வைத்தவர் கொனாமி என்ற கேம் நிறுவனத்தில் வேலை பார்த்த கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986ல் கிரேடியஸ் கேமை ஃபேமிகாமுக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்க அவருக்கே அது கஷ்டமாக இருந்ததால் இந்தக் குறுக்குவழியைப் போட்டார். கான்ட்ராவில் வந்த பிறகுதான் உலகப் புகழ். அவர் 2020 பிப்ரவரியில் காலமானார்.

30 லைஃப் எடுத்தும் மூன்றாவது ஸ்டேஜில் சண்டை வரும். அருவியில் மேலே ஏற வேண்டிய ஸ்டேஜ் அது. முன்னால் ஏறுகிறவனோடு திரையும் ஏறும், கீழே தங்கினவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துப்போவான். அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை நின்றுபோன வீடுகள் எனக்குத் தெரியும். மெதுவாக ஏறுகிறவன் மேலே வந்த பிறகு அடுத்தவன் குதிக்க வேண்டும். வேறு வழி கிடையாது.

ஆட்கள் நிறையச் சேர்ந்தால் மினுக்குகிறதே, கேசட் கெட்டுவிட்டதா?

இல்லை. ஒரு கிடைக்கோட்டில் எட்டு நகரும் துண்டுக்கு மேல் காட்ட படம் வரையும் சில்லால் முடியாது. ஒன்பதாவது வந்தால் கேம் ஒரு முறை இவனை மறைத்து அவனைக் காட்டும், அடுத்த முறை அவனை மறைத்து இவனைக் காட்டும். அதுதான் மினுக்கல். ஜப்பான் பெட்டியிலும் அப்படித்தான்.

மரியோவில் குறுக்குவழி எங்கே இருக்கிறது? முடித்தால் என்ன வரும்?

1-2ல், அதாவது முதல் உலகத்தின் இரண்டாவது ஸ்டேஜில், கடைசிப் பகுதியில் மேல்கூரைச் செங்கல் மேலேறி, வெளியே போகும் குழாயையும் தாண்டி ஓடினால் மூன்று குழாய் இருக்கும்: 4, 3, 2. நான்காவது உலகம் போய், 4-2ல் மறைந்திருக்கும் கொடியைக் கண்டுபிடித்து ஏறினால் 8, 7, 6. இப்படிப் போனால் 32ல் 8 ஸ்டேஜ் ஆடினால் போதும்.

8-4 முடித்தால் இளவரசி நன்றி சொல்வாள். அதோடு பெட்டியை அணைத்துவிடாதீர்கள், நான் பல வருடம் அந்தத் தப்பைச் செய்தேன். மறுபடி தொடங்கினால் கொஞ்சம் கஷ்டமான இரண்டாவது சுற்று. காளான் பிள்ளைகளுக்குப் பதில் நெருப்புக்குச் சாகாத வண்டுகள் வரும். பி அழுத்தி எந்த உலகத்தில் தொடங்கலாம் என்றும் தேர்ந்தெடுக்கலாம்.

3-1 படிக்கட்டில் ஆமையை மிதித்து மிதித்து லைஃப் சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 127க்கு மேல் போனால் எண் தலைகீழாகி எதிர்மறையாகிவிடும். அடுத்த முறை செத்தவுடன் ஆட்டம் முடிந்தது என்று வந்துவிடும். பேராசைக்குக் கேமே வைத்த தண்டனை என்று என் உம்மம்மா சொல்லியிருப்பார். சும்மா ஒரு பைட் கணக்குத்தான் அது.

மைனஸ் உலகம் உண்மையா என்றும் கேட்கிறார்கள். உண்மை. 1-2 முடிவில் சுவருக்குள் நழுவிப் போய் அந்த மூன்று குழாயில் ஒன்றில் இறங்கினால் -1 என்ற தண்ணீர் ஸ்டேஜ் வரும். அது 36ஆவது உலகம். 36க்கு உரிய எழுத்து வெற்றிடமாக இருப்பதால் கோடும் 1ம் மட்டும் தெரிகின்றன. முடிவுக் குழாய் மறுபடி தொடக்கத்துக்கே கொண்டுவந்து விடும், நேரம் தீர்ந்து சாக வேண்டியதுதான்.

டாங்க் பற்றிச் சொல்லுங்கள்.

ஆகா. இதற்காகவே காத்திருந்தேன்.

பேட்டில் சிட்டி, நாம்கோ நிறுவனம் செய்தது, 1985. ஒரு ஸ்டேஜுக்கு 20 எதிரி டாங்க், மொத்தம் 35 ஸ்டேஜ். செங்கல் உடையும், இரும்பு உடையாது, தண்ணீரில் போக முடியாது, மரத்துக்கு அடியில் ஒளியலாம், பனியில் வழுக்கும். இவ்வளவுதான் விதி. நடுக் கீழே ஒரு கழுகு, அதைக் காப்பாற்ற வேண்டும். நட்சத்திரம் மூன்று எடுத்தால் இரும்பும் உடையும்.

என் நோட்டில் இருக்கும் நாற்பதில் இரண்டு பேர் ஒரே பக்கம் நின்று ஆடும் கேம்களில் இதுதான் முதலிடம் என்பேன். காரணம் ஒரு சின்ன விதி. கூட்டாளியைச் சுட்டால் அவன் சாகமாட்டான், கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பான். அந்தக் கொஞ்ச நேரத்தில் எதிரி வந்து அவனை முடித்துவிடுவான். தெரியாமல் சுட்டேன் என்று சொல்லலாம், யார் நம்புவது? சதிக்கும் விபத்துக்கும் நடுவில் இவ்வளவு அழகான இடத்தை வேறு எந்தக் கேமும் வைக்கவில்லை.

பட்டியலில் டாங்க் 1990 என்று இருந்தால் அது பின்னால் யாரோ கை வைத்துத் திருத்தியது. தண்ணீரைக் கடக்கப் படகு ஒன்று சேர்த்திருப்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் படகு பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. மூலத்தில் அது கிடையாது.

நாமே ஸ்டேஜ் கட்டும் இடமும் உண்டு. கட்டலாம், ஆடலாம், அணைத்தால் போய்விடும். எக்சைட்பைக்கிலும் இதே கதை. அதில் சேவ், லோடு என்று எழுதியிருக்கும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஜப்பானில் ஃபேமிகாமோடு ஒரு டேப் ரிக்கார்டரை இணைத்து, பாட்டுக் கேட்கிற அதே டேப்பில் அந்தப் பாதையைப் பதியலாம். கேசட்டுக்கு ஒரு கேசட். நமக்கு அந்தக் கருவி வரவில்லை, பட்டன் மட்டும் வந்தது.

பட்டியலில் இருக்கும் சீட்டுக்கட்டு மாதிரியான, ஜப்பான் எழுத்துள்ள கேம் என்ன?

மஜோங். சின்னக் கேம் என்பதால் ஏறிக்கொண்டது. எனக்கும் ஆடத் தெரியாது.

வாத்துத் துப்பாக்கி புது டிவியில் சுடவில்லையே?

சுடாது. துப்பாக்கியிலிருந்து எதுவும் போவதில்லை, அது பார்க்கிற கருவி. விசையை அழுத்தினதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். குழலுக்குள் இருக்கும் உணரி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்தால் அடி விழுந்தது என்று கணக்கு. பழைய குண்டு டிவி அந்தக் கட்டத்தைச் சொன்ன கணத்தில் வரையும். எல்இடி டிவி படத்தை வாங்கி, சரிசெய்து, தாமதமாகக் காட்டும். அதற்குள் பெட்டி, தப்பிவிட்டது என்று முடிவு செய்திருக்கும். குண்டு டிவியைத் தேடிப் பிடிப்பது ஒன்றே வழி.

ஒரு வாத்து வரும் ஆட்டத்தில் இரண்டாவது ரிமோட்டை எடுத்து வாத்தை ஓட்டலாம். இதைச் சொன்னதும் நாற்பது வயதுக்காரர்கள் முகத்தில் வரும் கோபத்தைப் பார்க்க வேண்டுமே. எத்தனை வருடம் வீணாகிவிட்டது என்று.

யூடியூபில் பார்க்கிற மரியோ எங்கள் வீட்டு மரியோவைவிட வேகமாக ஓடுகிறானே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். ஜப்பான், அமெரிக்க டிவி நொடிக்கு 60 முறை திரையை வரையும். நம்முடையது 50. இந்தக் கேம்கள் திரை வரையும் ஒவ்வொரு முறைக்கும் ஓர் அடி நகரும்படி எழுதப்பட்டவை. ஆக நம் மரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவானவன். மரியோவின் கடிகாரம் 24 வரைவுக்கு ஒரு எண் குறையும். 400 என்று தொடங்கினால் அங்கே 2 நிமிடம் 40 நொடி, நமக்கு 3 நிமிடம் 12 நொடி. நாம் கெட்டிக்காரர்களாக இருந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

பாட்டும் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் சுருதி அவ்வளவாக இறங்கவில்லை. ஐரோப்பாவுக்கு நிண்டெண்டோ அனுப்பிய பெட்டியில் மூளையின் வேகத்தை 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66க்குக் குறைத்துவிட்டார்கள், சுருதியும் இறங்கியது. நகல் சில்லு செய்தவர்கள் 1.77ல் நிறுத்தினார்கள், ஜப்பான் கேம் அப்படியே ஓட வேண்டும் என்பதற்காக. நகல்காரர்கள் மூலக்காரரைவிட அக்கறையாக இருந்த ஒரே இடம் இதுவாக இருக்கும்.

டிவியில் எப்படி இணைப்பது? படம் வருகிறது, சத்தம் வரவில்லை.

ஏவி ஓட்டை இருந்தால் மஞ்சள் படம், வெள்ளை சத்தம், வேலை முடிந்தது. புது டிவியில் அந்த ஓட்டையே இல்லையென்றால் ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டி ஒன்று வாங்குங்கள்.

ஆண்டெனா வயர் மட்டும் உள்ள பெட்டியானால் டியூனிங்கில் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். படம் வந்து சத்தம் வராவிட்டால் பெட்டி வேறு நாட்டு முறைக்குச் செய்தது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், துபாய் எல்லாம் பழைய ஒளிபரப்பில் ஒரே வகை, சத்தத்தின் அலை படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும். ஹாங்காங் பெட்டியில் அது 6. நம் டிவி அங்கே தேடாது. சபுராளிகள் கொண்டு வந்தவை பெரும்பாலும் ஒழுங்காக ஓடியதற்கு இதுதான் காரணம். ஆண்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பினால் ரூபவாஹினி சத்தத்தோடு வந்ததற்கும் இதேதான் காரணம். எங்கள் மொட்டைமாடிக் கம்பம் கொடைக்கானலுக்கும் இலங்கைக்கும் நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும், யார் ஏறித் திருப்புவது என்பது தனிப் பஞ்சாயத்து.

ஆண்டெனாவைக் கழற்றாமல் பெட்டியை இணைத்துவிட்டால் அலை மேலே ஏறி வெளியே கசியும். பக்கத்து வீட்டு அத்தை, "உங்க மரியோ எங்க டிவியில ஓடுறாண்டா" என்று கத்தியது இன்றும் காதில் இருக்கிறது. புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்ததாம். ஆனாலும் வீட்டில் சொல்லிவிட்டார்.

கேசட்டை ஊதிப் போட்டால் ஓடுகிறது. ஊதலாமா?

ஊதாதீர்கள். ஓடுவது ஊதியதால் அன்று, கழற்றி மறுபடி செருகியதால். பின்னும் கேசட்டும் புதிய இடத்தில் உரசிக்கொள்கின்றன, அவ்வளவுதான். வாயின் ஈரம் தங்கித் துருவேற்றும். ஊத வேண்டாம் என்று நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது.

நம் கரையில் ஏற்கெனவே காற்றே பகை. மதுரையிலிருந்து வரும் பெட்டிக்கும் பாம்பனிலிருந்து வரும் பெட்டிக்கும் உள்ளே பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பாம்பன் பெட்டியின் செம்புக் கோடுகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும், திருகுத் தலை கரைந்திருக்கும்.

பலரும் நேராக ஸ்பிரிட்டை எடுக்கிறார்கள். உப்பு ஸ்பிரிட்டில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். முதலில் பேட்டரி தண்ணி, அதாவது வாகன பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த நீர், அதைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், நம் ஊர் குழாயில் வருவதே பாதி உப்பு. அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் மிச்ச ஈரமும் போகும். நன்றாகக் காயும் வரை கரண்ட் கொடுக்காதீர்கள். களிம்பு விடாப்பிடியாக இருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். மலிவுக் கேசட்டில் மேல்பூச்சு மெல்லியது, அழுத்தித் தேய்த்தால் செம்பே உரிந்து வந்துவிடும்.

வைக்கும்போது மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா பொட்டலத்தைச் சேர்த்துப் போட்டு வையுங்கள். அரிசியில் போடாதீர்கள், தவிட்டுத் தூசி பின்னுக்குள் போய்விடும்.

அடாப்டர் தொலைந்துவிட்டது. வேறு எதையாவது போடலாமா?

பெட்டியின் அடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் போடாதீர்கள். பெரும்பாலும் 9 வோல்ட். ஆனால் முனையின் நடு பிளஸ்ஸா மைனஸா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். ஃபேமிகாமில் நடு மைனஸ். மாற்றிப் போட்டு உயிரை விட்ட பெட்டிகள் என்னிடம் ஒரு சாக்கு இருக்கிறது.

நாம் ஆடாமல் விட்டதில் எதை இப்போது ஆடலாம்?

மூன்று சொல்கிறேன். மரியோ 3. அடுத்து 1986ல் வந்த செல்டா, அமெரிக்காவுக்கு 1987ல் பேட்டரியோடு போன கேசட். அப்புறம் 1993ல் வந்த கிர்பியின் அட்வெஞ்சர், 768 கிலோபைட். சின்னக் கேம்களில் வளர்ந்தவர்கள் அதைப் பார்த்தால், இந்தப் பெட்டியா இதையெல்லாம் வரைகிறது என்று வாயைப் பிளப்பார்கள். மூன்றையும் நிண்டெண்டோவே தன் புதிய கருவியில் சந்தாவுக்குத் தருகிறது. நகல் கோப்பு அனுப்பச் சொல்லி என்னைக் கேட்காதீர்கள், இவற்றின் உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆனால் உண்மையைச் சொன்னால், செல்டாவை முடித்த அன்று இரவும் நான் டாங்க்தான் போட்டேன்.

விடுமுறையில் கடையில் வாடகைக்குக் கொடுப்பார்களே, அந்தக் கேசட்டெல்லாம் எங்கே போயிருக்கும்?

பாதி என் வீட்டில். எங்கள் பக்கத்துக் கடையில் மணிக்கணக்கிலும் ஆடலாம், ஒரு நாள் வாடகைக்கு வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். 2001ல் மீன்பிடித் தடைக்காலம் வந்த பிறகு ஏப்ரல் 15லிருந்து அப்போது 45 நாள் விசைப்படகுக்காரர்கள் எல்லாம் வீட்டில் இருந்தார்கள். சரியாக அதே நேரம் பள்ளி விடுமுறை. டிவி யாருக்கு என்று தகராறு. பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பயனில்லை என்று பிள்ளைகள் கடையிலேயே கிடந்தார்கள். கடைக்காரர் கடையை மூடும்போது கேசட்டுகளை எடைக்குப் போட இருந்தார், நான் ஒரு பையில் அள்ளிக்கொண்டேன். 23 கேசட். எல்லாவற்றிலும் டாங்க் இருந்தது.

இரண்டாவது ரிமோட்டில் ஸ்டார்ட் பட்டனே இல்லை. உடைந்துவிட்டதா?

அப்படியே பிறந்தது. ஃபேமிகாமின் இரண்டாவது ரிமோட்டில் ஸ்டார்ட்டும் செலக்ட்டும் கிடையாது, அந்த இடத்தில் ஒரு மைக் இருந்தது. நகல் எடுத்தவர்கள் மைக்கை எடுத்துவிட்டார்கள், பட்டனைச் சேர்க்கவில்லை. அதனால் இரண்டாவது ஆள் ஆட்டத்தை நிறுத்தி வைக்க முடியாது. கொல்லையில் அம்மா கூப்பிட்டால் தங்கச்சி என்னைத்தான் கெஞ்ச வேண்டும், நானும் ஒரு லைஃப் போன பிறகுதான் அழுத்துவேன். போன மாதம் வந்திருந்தாள். வந்ததும் முதல் ரிமோட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.